எண்பதில் வரும் நடுக்கம்

அன்று பிக்கப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மனைவி. அவளுக்குப் பக்கத்தில், வண்டி கிளம்பும் முன்பே கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டவர் அவள் கணவர், தையல்காரர். பின்சீட்டில், மருமகளுக்கு நேர் பின்னால், தையல்காரரின் அம்மா. அவர் மடியில் ஒரு ரோஜாத் தொட்டி. அவரை ஒட்டிக் காலை மடக்க இடமில்லாமல் ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ்காரர். பின்பக்கத் திறந்த பெட்டியில் தொட்டிச் செடிகள், இடுக்கு விடாமல்.

அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. "கேஸுன்னு வந்தா சாட்சி வேணுமில்ல?" என்று அவராகவே ஏறிக்கொண்டார்.

கேஸ் என்னவென்றால், வண்டி நடுங்குகிறது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் செடி கொண்டுபோய்க் கொடுப்பது மனைவியின் தொழில். அதற்காக வாங்கிய பழைய பிக்கப். ஆட்டோமேட்டிக் கியர், கம்பெனி வாரண்டி இன்னும் கொஞ்சம் பாக்கி. ஒரு மாதமாக நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, குச்சிகளைப் பரப்பிவைத்து அவற்றின்மேல் ஓட்டுவதுபோல் உதறுகிறது. இரண்டு முறை ஒர்க்‌ஷாப்பில் விட்டாயிற்று. இரண்டு முறையும் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தையல்காரருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் போனில் படிக்க ஆரம்பித்தார். பிக்கப் வைத்திருக்கும் ஊர் உலகமெல்லாம் அங்கே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கு மலைப்பாதையில் கியர்பாக்ஸ் கைவிரித்துவிட்டது. இன்னொருவருக்கு ஆயில் தீய்ந்து, லாரிகளுக்கு நடுவே வண்டி அப்படியே நின்றுவிட்டது. படிக்கப் படிக்க அந்த லாரிகளுக்கு நடுவே தன் மனைவி நிற்பதாகவே அவருக்குத் தெரிந்தது. கடையில் கத்தரி பிடித்த கைக்குப் புத்தி வேறு எங்கோ போனது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தார்.

"வித்துடலாம்மா" என்றார் அன்றைக்கே மனைவியிடம்.

"வித்துட்டு? செடியெல்லாம் உங்க தையல் மிஷின்ல ஏத்திக்கிட்டுப் போகவா?"

கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள். சர்வீஸ்காரரைத் தன்னோடு, தன் வழியில், தன் பாரத்தோடு கூட்டிப்போவாள். அப்போதும் அவர் குறை இல்லை என்றால் விற்றுவிடலாம். நடுங்கும் வண்டியை எத்தனை நாள்தான் ஓட்டுவது? பிறகு பழையபடி வேறொருவர் நாற்றுப் பண்ணையில் கூலிக்குத் தண்ணீர் ஊற்றப் போகலாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

வண்டி நகரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. எண்பது வந்தது. விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைபோலப் பரம சமர்த்தாக ஓடியது.

"நல்லாத்தானே போகுது, அக்கா?" என்றார் சர்வீஸ்காரர்.

"சூடாகணும் தம்பி. கொஞ்சம் பொறுங்க."

"டேய், அந்தக் கைப்பிடியை விடுடா. பிடுங்கிட்டு வந்துடப்போகுது" என்றார் அம்மா மகனைப் பார்த்து.

தையல்காரர் விடவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை சாலையை விட்டு மனைவியிடம் போயிற்று. இந்த வழியில் அவளோடு அவர் வந்ததே இல்லை. வளைவு வருமுன்பே வேகத்தைத் தணித்தாள். பாலத்தின் மூட்டு ஏறுமுன், "அத்தை, தொட்டி" என்றாள். அத்தை தொட்டியை அணைத்துக்கொண்டார். உரசுவதுபோல் வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, "போப்பா ராஜா, நீயே போ" என்றாள். லாரியைப் பார்த்துக் கைப்பிடியை இன்னும் இறுகப் பற்றியது அவர்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாலம் தாண்டி லேசான ஏற்றத்தில் அது வந்தது. முதலில் இருக்கைக்கு அடியில் ஒரு முனகல். பிறகு குச்சிமேல் ஓடுவதுபோல் உதறல். ரோஜா இலைகள் கிடுகிடுத்தன.

"இதோ! இதோ! நானே சாட்சி!" என்று அம்மா கூவினார்.

சர்வீஸ்காரர் குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான், எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "ரோடு இங்க அப்படி, அக்கா. இல்லேன்னா டயரா இருக்கும். பாரம் வேற. கியர்பாக்ஸ்னு இதை வெச்சு என்னால எழுத முடியாதே."

மனைவி ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் தடவி, "சொல்லேன்டா" என்றாள் வண்டியிடம், மிக மெதுவாக.

தையல்காரருக்குத் தெரிந்த ஒன்று அப்போது அவர் நாக்கு நுனியில் இருந்தது. சும்மா இருந்தால் போதும்: வண்டி விற்றுப்போகும், லாரிகளுக்கு நடுவே அவள் நிற்க வேண்டியதில்லை, அவரும் நிம்மதியாகத் துணி வெட்டலாம். வாயை மூடிக்கொண்டு பத்திரமாக வீடு சேரலாம். ஆனால் அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு வாய் மூடவில்லை.

"ஏம்மா, ஆக்ஸிலேட்டர்ல இருந்து வலது காலை எடுக்காதே. இடது காலால பிரேக்கைத் தொடு. மிதிக்காதே, சும்மா தொடு."

தொட்டாள். உதறல் சட்டென்று அடங்கியது. வேகம் குறையவில்லை; அதே ரோடு, அதே டயர், அதே பாரம்.

"இப்ப எடு."

எடுத்தாள். கொஞ்சத்தில் உதறல் திரும்ப வந்தது. மறுபடி தொட்டாள்; மறுபடி அடங்கியது. சர்வீஸ்காரர் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிவிட்டார்.

"அண்ணே, இதை எங்க பிடிச்சீங்க?"

"போன்ல அழுதுக்கிட்டிருந்த ஒரு ஆள் சொன்னது."

சர்வீஸ்காரர் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் நிறைந்த ஓர் உருளை இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்துவது அதன் வேலை. சீராகப் போகும்போது உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடும். பூட்டு விட்டதும் உதறல் நிற்கிறது என்றால், வழுக்குவது அந்தப் பூட்டுதான்.

"கியர்பாக்ஸ் தப்பிச்சிருக்குன்னுதான் தோணுது, அக்கா. இப்படியே இன்னும் ஓட்டியிருந்தா அதையும் சேர்த்துத் தின்னிருக்கும். ரிப்போர்ட் நான் எழுதறேன்."

"அப்ப நான் மிதிக்கிறதுல, என் காலு மேல தப்பில்லையே?" என்றாள் மனைவி.

"உங்க காலுக்கு மாலையே போடலாம்."

தையல்காரர் கைப்பிடியை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

வண்டிக் காகிதங்கள் தையல்காரர் பெயரில் இருந்தன. வாரண்டியில் கேட்க, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அவர் கையெழுத்திட்ட கடிதம் தபாலில் போக வேண்டும். கன்வெர்ட்டரை மாற்றித் தருவதா, வண்டியையே திரும்ப எடுத்துக்கொள்வதா, எது வேண்டும் என்று அதில் அவரே சொல்ல வேண்டும். மறுநாள் கடையில் துணி வெட்டும் மேசையை ஒதுக்கி எழுத உட்கார்ந்தார். எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில், பிரேக்கைத் தொட்டால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் வரிசையாக எழுதினார்.

"சாட்சி நானும் இருந்தேன்னு எழுது" என்றார் அம்மா.

எழுதினார்.

மனைவி எதிரில் நின்று நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எது வேண்டும் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. "உங்க இஷ்டம்" என்றாள் அவள், நூல்கண்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என் இஷ்டம்னா, நீ லாரிக்காரனையெல்லாம் ராஜான்னு கூப்பிடக் கூடாது."

"எழுதுங்க அதையும்."

'கன்வெர்ட்டரை மாற்றி, வண்டியை என் மனைவியிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டுகிறேன். அவள் கையில் செடி வேண்டுவோர் பலர் காத்திருக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு அவர் தோளில் ஒட்டியிருந்த நூல்துண்டை, அது என்னவோ பெரிய வேலைபோல, நெடுநேரம் எடுத்தாள்.

உறையை ஒட்டி, மேலே சூடில்லாத இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். தபால் நிலையம் வரை இருவரும் நடந்தே போனார்கள். அங்கே கவுண்டரில் இருந்தவர் உறையை எடையில் வைத்துப் பார்த்து, முத்திரையைக் குத்தி, பின்னால் இருந்த தபால் பைக்குள் போட்டார்.