ஏழாவது பாட்டில் இருப்பவர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை போடப் போன இடத்தில் கிடைத்த கதை இது. மேல்வீட்டில் மூன்று மாதமாகத் 'தும் தும்' என்று சத்தம். பொறுத்துப் பார்த்துவிட்டு மாடியேறினேன். கதவைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காதில் பெரிய ஹெட்போன். அதை மாட்டிக்கொண்டவர் ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தார், மூன்று மாதமாக.

2
தொடக்கம் ஒன்று: இழப்பின் பெருவெளியில் தனித்து நின்ற அவர்… (வேண்டாம். மனிதர் பனியனில் நின்றுகொண்டிருந்தார்.)

தொடக்கம் இரண்டு: மனைவி இறந்து இரண்டு வருடம் கழித்து, அவர் கம்ப்யூட்டரில் எலக்ட்ரானிக் இசை ஆல்பம் ஒன்று செய்ய ஆரம்பித்தார். எட்டுப் பாட்டு. முதல் நான்கு இழப்பு, பின் நான்கு நம்பிக்கை. நம்பிக்கையும் அழுகிற மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அதுல வேகம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்றார்.

3
எட்டுக்கும் மூலம் ஒன்றே. மனைவி போனில் பதிவுசெய்து அனுப்பிய பதினோரு விநாடி: "வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க. மறப்பீங்க, எனக்குத் தெரியும்."

அதை நறுக்கினார், நீட்டினார். 'மறந்துடாதீங்க' புல்லாங்குழல் மாதிரி ஆகிவிட்டது. என் தலைக்கு மேல் இடித்தது 'பல்பு'.

(இங்கே பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். மில்லிமீட்டர் பிசகாமல் அளவெடுக்கிற மனிதர் இப்படிச் செய்வாரா? செய்தார்.) ஒவ்வொரு மாற்றத்தையும் அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார். பழைய போனும் போய்விட்டது. அசல் குரல் இப்போது எங்கும் இல்லை. ஏழாவது பாட்டில் மட்டும் 'எனக்குத் தெரியும்' கிட்டத்தட்ட அவர் மனைவி சொல்வது மாதிரியே கேட்கும்.

4
வெளியூரில் இருக்கும் மகள் கேட்டாள்: "பாட்டெல்லாம் அப்புறம் கேக்கறேன்ப்பா. அம்மா குரல அப்படியே அனுப்புங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றவர் ஆறு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். மனைவியை இரண்டாம் முறை தொலைத்துவிட்டதாக நினைக்கிறார், அதுவும் தன் கையால். அதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

முடிவு ஒன்று: மகளிடமே ஒரு பிரதி இருந்தது. (எழுதச் சொன்னவர் அவர்தான். உங்கள் கதைதானே, ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும் என்றார். போட்டேன். இரண்டு முறை படித்துவிட்டு அவரே அடித்துவிட்டார்.)

முடிவு இரண்டு: ஒருநாள் காலை அவர் போனை எடுத்து… (எடுத்தார். வைத்துவிட்டார்.)

5
சிக்கல் என்னவென்றால், அந்த மகள் என் கதைகளைப் படிக்கிறவள். அது அவருக்கும் தெரியும்.

"அச்சாகறதுக்குள்ள சொல்லிடுவேன்" என்றார்.

"சொல்லலைன்னா?"

"அப்படின்னா நீங்களே பாத்து எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். இதை அச்சுக்குக் கொடுக்கிற இன்றுவரை அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதைப் படிப்பது அந்தப் பெண்ணாக இருந்தால், முதலில் ஏழாவது பாட்டைக் கேளுங்கள். திட்டுவதென்றால் அதற்கப்புறம் திட்டுங்கள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.