முன் தகடு

'விஞ்ஞானி' என்று அவள் புருஷனுக்குப் பெயர் வைத்தவள் அவளுடைய தங்கை. காப்பீட்டு அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்பு பார்க்கிறவன், வீட்டுக்கு வந்ததும் திருப்புளியும் கையுமாகிவிடுவான். மிக்ஸியைச் சரிசெய்தான், அது ஊமையானது. துணி துவைக்கும் மெஷினைச் சரிசெய்தான், அது அறைக்குள் நடக்கப் பழகியது. அதையெல்லாம் அவள் சிரித்தே சகித்துக்கொண்டாள். கடைசியில் அவன் கண் லேசர் கட்டர் மேல் விழுந்தது.

அது அவளுடைய பிழைப்பு. மெல்லிய பலகையில் எழுத்தும் பூவும் வெட்டி, பெயர்ப்பலகை செய்து விற்றுவந்தாள். பல் டாக்டர் ஒருவர் மெஷினுக்குள் அடங்காத நீளத்தில் பலகை கேட்டார். முடியாது என்று சொல்லிவிட இருந்தவளை இவன் தடுத்தான். முன் தகட்டில் நீளமாக ஒரு வாய் திறந்துவிட்டால் பலகை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கப்போகிறது, இதற்குப் போயா வந்த வேலையை விடுவது என்றான்.

திறந்தான். அதுவும் எங்கே? தகட்டைக் கழற்றாமல், மெஷினையே தூக்கி வைத்துச் சாப்பாட்டு மேசையில். தகடு அறுக்கும் மெஷின் அலறிய அலறலில் மாடிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். இரும்புத் தூள் தண்ணீர்க் குடத்தில் மிதந்தது, சோப்பில் கறுப்பாய் அப்பியது, ராத்திரி தலையணையில் கன்னத்தைக் குத்தியது. எண்ணெய்க் கையை அவன் பாத்திரம் துடைக்கும் துணியில் துடைத்தான், அதே துணியால் முகத்தையும் துடைத்துக்கொண்டான். அறுத்த விளிம்பு நாய் கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. அரத்தால் ராவக்கூட இல்லை. உள்ளே தெரியக் கூடாதென்று ஒரு கறுப்புத் துணியைத் திரையாக ஒட்டிவிட்டு, கம்பெனிக்காரனே இப்படிச் செய்திருக்கமாட்டான் என்று மார்தட்டினான்.

இருந்தாலும் பலகை நீண்டது. அவள் வழக்கம்போல மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். அந்த வாரம் அவன் இன்னொன்றும் செய்தான். அவள் வெட்டிய மயில் ஒன்றைச் சட்டம் போட்டு, ஸ்டூலுக்குப் பின்னால் இருந்த மர அலமாரியின் கதவில் மாட்டினான். கொஞ்சம் தாழ்வாக மாட்டிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கைவேலையை அவன் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு மனசு இளகிப்போயிற்று, தங்கைக்கு போன் போட்டுச் சொன்னாள்.

டாக்டரின் பலகை பாதி முடிந்திருந்த ஒரு மாலை, சட்டத்தின் மேல் படிந்த தூளைத் துடைக்கக் கழற்றினாள். பின்னால் கதவில் ஒரு கருகல். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு மரம் தீய்ந்து குழிந்திருந்தது. தொட்டாள், விரலில் கரி ஒட்டியது.

மெஷினின் உடம்பு அவளுக்கு அத்துப்படி. பின்பக்கக் குழாயிலிருந்து கிளம்பும் கதிர், ஒரு கண்ணாடியில் பட்டு நேரே முன்பக்கம் பாயும். வழியில் இன்னொரு கண்ணாடிதான் அதைப் பலகைப் பக்கம் திருப்பிவிடும். அந்தக் கண்ணாடி பிசகினால் கதிர் திரும்பாது, முன் தகட்டில் போய் மோதி நிற்கும். கண்ணுக்கும் தெரியாது. தகடு அங்கே இருப்பதே அதற்காகத்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே அறுத்த வாயைப் பார்த்தாள். திரைத் துணியை ஒதுக்கினாள். அதன் பின்பக்கத்தில் வட்டமாக ஒரு பொத்தல், அதன் மேல் புதுத் துணி ஒட்டி அடைத்திருந்தது. திரும்பிக் கருகலைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அவள் கழுத்து.

அவனைக் கூப்பிட்டாள். எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டாள். அவன் கருகலைப் பார்த்தான், கழற்றிவைத்த மயிலைப் பார்த்தான், பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னான். தகட்டை அறுத்த அதிர்வில் கண்ணாடி லூசாகிவிட்டதாம். அவள் கடைக்குப் போயிருந்தபோது ஓட்டிப் பார்த்தானாம். அப்போதே முறுக்கிவிட்டானாம்.

"அப்புறம் ஏன் தகட்டு ஓட்டையை மூடல? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூடினா பலகை எப்படி நீளும்? சொல்லியிருந்தா நீ மெஷின் கிட்டயே வந்திருக்கமாட்டே. டாக்டர் வேலை நின்னு போயிருக்கும். இப்ப உனக்கு என்ன ஆயிடுச்சு? ஒண்ணும் ஆகலல்ல?"

மயிலைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதற்காகத் தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டதை நினைக்க இன்னும் அருவருப்பாக இருந்தது. குரலை உயர்த்தாமல் எழுந்து, ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்க இதுல உட்காருங்க. மீதிப் பலகையை நான் பக்கத்துல நின்னு ஓட்டுறேன்."

"அட, இவ்வளவுதானா," என்று சிரித்தான் அவன். ஸ்டூலை ஒரு கையால் இழுத்தான். இன்னொரு கையை மேசைக்கு அடியில் விட்டு, மெஷினின் பிளக்கைப் பிடுங்கினான். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான்.

"இதோ, உட்கார்ந்துட்டேன். போதுமா?"

பிளக் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.