கால் டாங்கு டீசல்

பம்பில் சாதா டீசல் இருக்கும்போது, லிட்டருக்கு இருபது சென் காசு கூடக் கொடுத்து விலை கூடின டீசலை ஊற்றுகிறவனை ஏமாளி என்றுதான் நான் சொல்லி வந்தேன். மீன் கடைக்காரன் மேல் தட்டில் வைத்த மீனும் கீழ்த் தட்டில் வைத்த மீனும் ஒரே கடலில் பிடித்ததுதானே? அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். இப்போது யாராவது கேட்டால், உன் வண்டி எத்தனை நாள் நிற்கிறது என்று முதலில் கேட்பேன். அதற்குப் பிறகுதான் பதில்.

என் வண்டி ஒரு பழைய பள்ளிக்கூட பஸ். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். தோட்டத்தை விட்டு வந்த பிறகு இருபத்திரண்டு வருசம் பிள்ளைகளை ஏற்றி அந்த பஸ்ஸை ஓட்டினேன். அதையும் நிறுத்தியபோது விற்க மனமில்லை. சீட்டையெல்லாம் கழற்றி, ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, பின்னால் ஒரு கக்கூஸ். அலைந்து திரிந்து ஜேபிஜே போக்குவரத்து இலாகாவில் மோட்டர்ஹோம் என்று பேரும் மாற்றிவிட்டேன்.

கட்டிலும் அடுப்பும் சும்மா. கக்கூசுக்காகத்தான் அத்தனையும். என் மனைவி ராஜம்மாவுக்கு நாலு வருசத்துக்கு முன்னால் குடலில் ஆப்ரேசன். அதிலிருந்து எந்த நேரம் அவசரம் வரும் என்று அவளுக்கே தெரியாது. கல்யாணம், கோயில் எல்லாம் நின்று போனது. "ஒரு வீட்டுக்குப் போயி வாங்கன்னு சொல்லுறதுக்கு முன்ன கக்கூஸ் எங்கன்னு கேக்கணுமா?" என்பாள். வீட்டு கேட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். நான் வண்டியைக் கட்டும்போது எங்கள் குடியிருப்புத் தாமானில் சிரித்தார்கள். "கிழவன் கக்கூஸை இழுத்துக்கிட்டு ஊரு சுத்தப் போறான்." சிரிக்கட்டும். அவர்கள் பெண்டாட்டியா வீட்டுக்குள் கிடக்கிறாள்?

போன நவம்பரில் முதல் பயணம். தைப்பிங்கில் ராஜம்மாவின் தங்கை அனுசியா இருக்கிறாள். சிரம்பான் தாண்டவில்லை, ஒரு மேட்டில் வண்டி இரண்டு தடவை உதறியது, நின்றுவிட்டது. என்ன செய்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. இழுக்கும் லோரியைக் கூப்பிட்டோம். இழுக்கும்போது பின்வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று லோரிக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ராஜம்மா உட்கார்ந்து வந்தாள். அவளுக்கென்று நான் கட்டிய கக்கூஸ் பின்னால் கொக்கியில் தொங்கி வந்தது. அலோர் காஜா வருவதற்குள் அவளால் அடக்க முடியவில்லை. லோரிக்காரன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வந்தவள், "இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க" என்றாள். அழக்கூட இல்லை.

ஜனவரியில் அனுசியா போன் செய்தாள். மே மாதம் அவள் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். "அம்மா இல்ல. நீதான்க்கா வந்து தாலி எடுத்துக் கொடுக்கணும்." ராஜம்மா "பாக்கலாம்" என்றாள். நாற்பது வருசமாக அவளோடு இருக்கிறேன். அவள் பாக்கலாம் என்றால் போகமாட்டாள்.

"போறோம்" என்றேன் நான்.

"நீங்க போங்க" என்றாள்.

அவள் ஏற வேண்டுமென்றால் வண்டி ஏன் நின்றது என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும். பட்டறைக்கார சீனன் டீசல் ஃபில்டரை அறுத்துக் காட்டினான். உள்ளே கறுப்பாக, ரொட்டிக்குத் தடவும் காயா மாதிரி வழவழவென்று அப்பியிருந்தது. "மின்யாக் கோத்தோர், அங்கிள்" என்றான். எண்ணெய் அழுக்காம். ஏன் அழுக்கு என்றால் தோளைக் குலுக்குகிறான்.

அதற்குப் பதில் சொல்ல எதிர்வீட்டுக் காண்டீபன் சார் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் படித்தவர், அதனால் சார்.

"அண்ணை, சாதா டீசல்ல நூற்றுக்குப் பத்து செம்பனை எண்ணெய். அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். தண்ணி சேர்ந்தா பாசி பிடிக்கும். விலை கூடினதில நூற்றுக்கு ஏழுதான். அதைப் போடுங்கோ."

"நான் ஏத்தின குலை சார் அது. அந்த எண்ணெய்லதான் என் வீட்டுல மீன் பொரியுது. அது என் வண்டியக் கெடுக்குமா? நீங்க வேலை செஞ்ச இடத்துக்கு வியாபாரம் பாக்குறீங்க."

"ஓய்வு பெற்று ஆறு வருசம். எனக்கு என்ன கமிஷனோ?"

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

கேட்டதை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனால் அளக்கத் தெரியும். சாதா டீசலை டாங்கின் வாய் வரைக்கும் நிரப்பினேன். பாயா ரும்புட் வரை மூன்று தடவை போய்வந்து, திரும்ப வாய் வரைக்கும் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தேன். பிறகு அதைத் தீர்த்துவிட்டு விலை கூடினதை ஊற்றி, அதே சாலை, அதே மூன்று தடவை. இரண்டுக்கும் ஒரு கிளாஸ் தேத்தண்ணி அளவுகூட வித்தியாசம் இல்லை. மேட்டில் இழுவையும் ஒன்றுதான்.

"என்ன சார், உங்க பிரீமியம் எங்க போச்சு?" என்று கேட்டுக்கு வெளியில் நின்றே கூவினேன்.

"ஓடுறதுக்கு வித்தியாசம் தெரியாது எண்டு எனக்கும் தெரியும்" என்றார் அவர், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே. "உங்கட வண்டி ஓடுறதைவிட நிக்கிறதுதான் அதிகம். நிக்கிறதைச் சோதிச்சுப் பாருங்கோ."

அது சரியான பேச்சாகப் பட்டது. சோதித்துவிடலாம் என்று விலை கூடினதையே வண்டியில் விட்டேன். வழக்கம்போல் டாங்கில் கால்வாசி மட்டும் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போட்டு உறிஞ்சி, டின்களில் அடைத்து சமையலறைக்குப் பின்னால் பூட்டி வைத்தேன். நாற்றம் அடிக்கிறது என்று ராஜம்மா திட்டினாள். வழக்கம் வழக்கம்தான்.

ஆறு வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு டாங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தேன். அடியில் இரண்டு விரல் கட்டைக்குத் தண்ணீர். மேலே டீசல் மிதக்கிறது.

விலை கூடின டீசல்!

போத்தலை எடுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். காலை நேரம், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க சார், குடிங்க. இருபது சென் கூடக் கொடுத்து வாங்கின தண்ணி."

அவருக்குக் கோபம் வரவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, டாங்கின் மேல் கை வைத்தார். கையை எடுத்துக் காட்டினார். ஈரம். இரும்பெல்லாம் வேர்த்திருந்தது.

"டாங்கில எவ்வளவு கிடக்கு?"

"கால்."

"ஏன் கால்?"

ஏனா? லோரி ஓட்டின காலத்தில் ஒரு நாள் காலையில் டாங்கு காலி. உறிஞ்சியது என்னோடு சேர்ந்து ஓட்டின டிரைவர், ஒரே தட்டில் சாப்பிட்டவன். கணக்கு எழுதும் கிராணி அதை என் சம்பளத்தில் பிடித்தார். எங்கள் தோட்டத்து லோரிக்காரன் எவனும் அதற்குப் பிறகு டாங்கை நிரப்பி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. மறுநாள் காலை பம்புக்குப் போகும் அளவுக்கு வைப்போம், அவ்வளவுதான். பஸ் ஓட்டின இருபத்திரண்டு வருசமும் அப்படித்தான். இதைச் சொன்னேன்.

"பஸ் ஒவ்வொரு நாளும் ஓடிச்சு, அண்ணை. ஊத்தினதை அண்டைக்கே எரிச்சீங்கள், தண்ணி சேர நேரமில்லை. இப்ப மாசக்கணக்கா நிக்குது. டாங்கில முக்கால்வாசி காத்து. பகல்ல சூடு, இரவில குளிர். காத்தில இருக்கிற ஈரம் உள்ளுக்க வேர்த்து வடியுது. எந்த டீசல் போட்டும் என்ன?" எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கள்ளனுக்குப் பயந்து தண்ணியை உள்ள விட்டிருக்கிறீங்கள். நிரப்பி வையுங்கோ."

"நிரப்பி வச்சா உறிஞ்சிடுவானுங்க."

"ஆர்?"

என் கண் தானாக எதிர்ப்பக்கம் போனது. அவர் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப்பும் டீசல் வண்டிதான். நான் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார்.

"நானா?"

டாங்கு மூடியை இறுக்குவதுபோல் குனிந்தேன்.

வயிறு குலுங்கச் சிரித்தார் மனுசன். "ஜனகா! இஞ்ச ஓடி வாரும்! அண்ணை என்னை டீசல் கள்ளன் எண்டுறார்!"

அவர் மனைவி ஜனகா கையில் அகப்பையோடு வந்தார். "பதினோரு வருசமா எதிர்வீடு. இப்பத்தானா கண்டுபிடிச்சீங்கள், அண்ணை?"

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை. "சந்தேகம் எல்லார் மேலயும்தான். சார் மேல மட்டும்னு நினைக்காதீங்க" என்றேன். இரண்டு பேரும் இன்னும் சிரித்தார்கள்.

அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு விட்டேன். டாங்கைக் கழற்றிக் கழுவியபோது சேறு மாதிரி வந்தது. அந்த லோரியில் ராஜம்மா உட்கார்ந்து வந்ததற்குக் காரணம் டீசல்காரனும் இல்லை, செம்பனையும் இல்லை. என் பழக்கம். அதை அவளிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உங்க அவநம்பிக்கைக்கு நான் சேலையை நனைச்சேனா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

டாங்கை வாய் வரைக்கும் நிரப்பினேன், விலை கூடினதில்தான். பூட்டு மூடி ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் வாரம் தினமும் காலையில் குச்சி விட்டு அளந்தேன். குறையவில்லை. எதிர்வீட்டிலிருந்து, "எவ்வளவு அண்ணை, எடுத்தது தெரியுதா?" என்று குரல் வரும். மூன்று வாரம் கழித்துத் திருகைத் தளர்த்திப் பிடித்தேன். சுத்தமான டீசல், தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நிரப்பி வைத்ததாலா, விலை கூடினதாலா? இரண்டும் என்கிறார் காண்டீபன் சார். நிரப்பி வைத்தது முக்கால், டீசல் கால் என்பது என் கணக்கு.

ஃபில்டர் இரண்டு வாங்கினேன். சீனனிடம் மாற்றக் கற்றுக்கொண்டு, வாசலில் வெயிலில் படுத்து மூன்று தடவை கழற்றி மாட்டினேன். முதல் தடவை ஒரு மணி நேரம். மூன்றாவது தடவை இருபத்தைந்து நிமிசம். ராஜம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"மறுபடி நின்னுச்சுன்னா?"

"நின்னா அங்கயே நிக்கும். நான் கீழ படுத்து ஃபில்டர் மாத்துவேன். நீ உள்ள இரு. கக்கூஸ் இருக்கு, அடுப்பு இருக்கு. ஒரு நாள் ஆனாலும் இழுக்குற வண்டியக் கூப்பிட மாட்டேன். உன்னை அதுலேருந்து இறக்க மாட்டேன்."

"போலீஸ் வந்து எடுக்கச் சொன்னா?"

"அவனுக்கும் தே போட்டுக் குடு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் அவள் பட்டுச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மே மாதம், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் விடிந்ததும் கிளம்பினோம். சிரம்பான் மேடு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ராஜம்மா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி ஏறியது. மேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓய்விடம் தெரிந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.

"போயிரலாமே. ஏறிருச்சில்ல."

"நிறுத்துங்க. அவசரம்."

நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம். பின்னால் போனவள் சாவகாசமாக வந்தாள். "ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? அணைங்க. தே குடிச்சிட்டுப் போவோம்."

"வண்டிக்குள்ளயே போட்டுக்கலாமே."

"கடையில குடிக்கணும். நாலு வருசமாச்சு."

அணைத்தேன். கடையில் உட்கார்ந்து அவள் தே தாரிக் குடித்து ரொட்டி சானாய் தின்றாள். நான் ஒன்றும் தின்னவில்லை. திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்தது. அவள் முன்கம்பியைப் பிடிக்கவில்லை.

தைப்பிங்கில் தாலியை அவள்தான் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள்.

போகும் வழியிலும் வரும் வழியிலும் சாதா டீசல்தான் ஊற்றினேன். இரண்டு நாளில் எரிந்து போவதற்கு எதற்கு இருபது சென்? கடைசியாக வீட்டுக்குப் பக்கத்தில், மஸ்ஜித் தானா பம்பில் நின்றேன். கை பழக்கத்தில் சாதா டீசல் குழாய்க்குப் போனது. ராஜம்மா ஜன்னலைத் திறந்தாள்.

"ஏங்க, அதில்ல. அந்தப் பக்கத்துக் குழாயை எடுங்க. வண்டி இனி கொஞ்ச நாளு நிக்கப் போவுதே."

"எத்தனை நாள் நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது நாள். கிள்ளான்ல, நம்ம பஸ்ஸுல பள்ளிக்கூடம் போன கவிநேசனுக்குக் கல்யாணம் இருக்கு. வரமாட்டேன்னு சொல்லியிருந்தேன். வரேன்னு நேத்துச் சொல்லிட்டேன்."

விலை கூடின குழாயை எடுத்து, வாய் தளும்பும் வரை நிரப்பினேன்.