இணைப்பு மொய்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன பெரியவர்கள், ஜனங்கள் விதையைக் கூகுளில் தேடுவார்கள் என்று கண்டார்களா? ஆடி பிறந்து பத்து நாளாகியும் வானதியின் செல்பேசி ஊமையாகக் கிடந்தது. போன வருடம் சாப்பிடக்கூட விடாமல் அடித்தது இதே செல்பேசிதான். யார் 'தூயமல்லி விதைநெல்' என்று தேடினாலும், பேராவூரணிப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய விதைப்பண்ணையின் இணையதளம்தான் முதலில் வந்து நிற்கும். இன்று அவளே தேடிப் பார்த்தாள். ஐந்தாம் பக்கத்தில், கோழித்தீவனக் கடைக்கும் கீழே கிடந்தது.

கொட்டகையில் அறுபது மூட்டை விதைநெல் இருந்தது. ஆவணிக்குள் போகாவிட்டால் அடுத்த ஆடிக்குள் முளைப்பு குறைந்துவிடும். பிறகு அது விதையில்லை, வெறும் நெல்.

தளத்தைத் திறந்தவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி நாற்பத்து மூன்று பெயர்கள். பெரியப்பா அமிர்தலிங்கத்தின் திருமண மண்டபம், சின்ன அத்தையின் அழகு நிலையம், போர்வெல் போடுகிற மாமா, அதிராம்பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒன்றுவிட்ட மச்சான். தொட்டால் ஒவ்வொன்றும் அவரவர் தளத்துக்குப் போனது. இவர்களுக்கு இடம் விடுவதற்காக, மூன்று வருடமாக அவள் கோத்த இணைப்புகளை யாரோ பிடுங்கியிருந்தார்கள். தூயமல்லிப் பக்கத்திலிருந்து அதன் வயதுக்கு, அங்கிருந்து விதைக்கும் பட்டத்துக்கு, பிறகு களிமண்ணுக்கு ஏற்ற ரகங்களுக்கு என்று வந்தவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன வழியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் அண்ணன் நெடுமாறன்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாக, அதைக் கொடுத்தவளும் அவள்தான்.

"வைகாசியில பெரியப்பா பேத்தி கல்யாணத்துல மொய் எழுத உக்காந்திருந்தப்பதான் தோணிச்சு," என்றான் அண்ணன், அவள் போய்க் கேட்டதும், ஏதோ சாதித்தவன் போல. "நாம அவங்க பேரைப் போட்டா அவங்க நம்ம பேரைத் திருப்பிப் போடுவாங்க. நாலு பேர் லிங்க் குடுத்தாத்தான் மேல வரும்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். அதுதான் இன்னும் எரிந்தது.

"நம்ம விதையை நட்டுப் பாத்தவங்க, அவங்களா மனசு வந்து குடுக்கிற லிங்கைச் சொன்னேண்ணே. நீ போடு, நான் திருப்பிப் போடுறேங்கிறது மொய். கூகுள் அதைக் கண்டுபிடிச்சுக் கீழ தள்ளாதுன்னு நெனச்சீங்களா? வாய்க்கால் கரையை நாப்பத்து மூணு எடத்துல வெட்டிவிட்டுட்டு, கடைமடைக்குத் தண்ணி வரலையேன்னா எப்படி வரும்? இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்தாலும் பழைய எடத்துக்கு வர எத்தனை வாரம் ஆகுமோ."

"அதுக்காகப் பேரை எடுக்கறதா? மொய்யைத் திருப்பிச் செய்யாத குடும்பம்னு பேராயிடும். அப்புறம் எவன் நம்ம வாசல்ல வந்து நிப்பான்?"

அதோடு விடாமல் பெரியப்பாவுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டான். மறுநாள் காலையிலேயே அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம் பேரை எடுக்கப் போறியாமே? பத்திரிகையில பேர் இல்லாத வீட்டுல நாங்க பந்தியில உக்கார மாட்டோம், தெரியுமில்ல?"

வானதிக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இந்த வருஷம் நாத்து விட்டாச்சா பெரியப்பா?"

"விட்டு அஞ்சு நாளாச்சு. தூயமல்லி."

"விதை எங்க வாங்குனீங்க?"

பெரியப்பா கொஞ்சமும் கூசவில்லை.

"செல்லுல தேடினேன். மொதல்ல வந்தவன்கிட்ட சொன்னேன், வீட்டுக்கே அனுப்பிட்டான். உன் பேரு அதுல வரலையேம்மா. உங்கிட்டயே கேட்டிருக்கலாம். ஆனா சொந்தத்துல வாங்கி முளைக்கலைன்னா, சட்டையைப் பிடிச்சுக் கேக்க முடியாது பாரு."

நெடுமாறன் தலையைக் குனிந்தான். அவன் காது மடல் சிவந்ததை வானதி பார்த்தாள். பிறகு அவனே மடிக்கணினியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"எடு வானதி. பெரியப்பா பேர்லேருந்து ஆரம்பி."

பெரியப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஏதேதோ கத்தினார். வானதி நிமிரவில்லை. அத்தையின் பெயரை அழித்துக்கொண்டிருந்தாள்.