எதிர்ச் சரிவின் தகரம்

நான் வேலை பார்த்த நூல் மில்லைப் பூட்டிய வருஷம் எனக்கு வனத்துறையில் பயர் வாச்சர் வேலை கிடைத்தது. மாசிக் கடைசியில் ஆள் எடுப்பார்கள். முதல் மழை விழுந்ததும் அனுப்பிவிடுவார்கள். அணில் சரணாலயத்து மலையில் எங்காவது புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை வரை தாக்குப்பிடிக்கிறவனுக்கு அடுத்த வருஷமும் வேலை உண்டு. எனக்கு முன்னால் போட்டவன் வந்த வாரத்திலேயே இறங்கி ஓடிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு ஏறிய பாரஸ்ட் கார்டு மாரிச்சாமி, பாறைக்கு மேலே இருந்த ஓலை ஷெட்டைக் காட்டினார். உள்ளே ஒரு பழைய எண்ணெய்த் தகரம் தொங்கியது.

"பொழுது அடையுறப்ப இத அடிச்சிரணும், மைதீன். ஆளு இருக்கிறது ஆனைக்குத் தெரியணும். எதுத்த சரிவுலயும் ஒரு ஷெட்டு இருக்கு, பாத்தீரா? அங்கயும் ஆளு போடுவோம்."

"பேச்சுத்துணைக்கு ஆச்சு, அண்ணாச்சி."

"பேச்சா? நடுவுல ஓடைப் பள்ளம் கெடக்கு. மில்லுல கத்திப் பழகுன தொண்டைதான, கூப்பிட்டுப் பாரும். ராஜபாளையத்துல உம்ம வீட்டம்மாதான் என்னன்னு கேக்கும்."

அரிசியும் பருப்பும் இறக்கி வைத்துவிட்டு அவர் போனார். இனி அடுத்த வாரம்தான் வருவார்.

வயசெல்லாம் ஸ்பின்னிங் மெஷின் இரைச்சலில் கழித்தவன் நான். காது பாதி மந்தம். அந்த மலையில் எந்த இரைச்சலும் இல்லாமல் போனது, தலையில் யாரோ துணியைச் சுற்றி இறுக்கியது மாதிரி இருந்தது. பகலெல்லாம் புல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிழக்கே ராஜபாளையம் ஒரு தூசிப் படலம். அதற்குள் எங்கோ என் வீட்டுக்காரி மாஜிதா பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

நான் ஏறிய மறுநாள் நோன்பு பிறந்தது. ஊரில் என்றால் பொழுது விழுந்ததும் பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கும், எல்லோரும் ஒன்றாகக் கஞ்சியில் வாய் வைப்போம். இங்கே நகரா ஏது? சூரியன் மறைந்ததும் தகரத்தை மூன்று தரம் ஓங்கி அடித்தேன்.

எதிர்ச் சரிவிலிருந்து மூன்று அடி வந்தது.

ஆள் போட்டுவிட்டார்கள். கையில் கம்பை வைத்துக்கொண்டே காத்திருந்தவன் போலச் சட்டென்று அடித்தான். அன்றைக்குத்தான் கஞ்சி ருசித்தது. அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தால்தான் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பேன். விளையாட்டாக நாலு அடித்தால் அவனும் நாலு அடிப்பான். என் மனசு அறிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரம் கழித்து வந்த மாரிச்சாமி, "ஓடலியா வே நீரு?" என்று கேட்டார்.

"துணை இருக்கும்போது எங்க ஓட, அண்ணாச்சி?"

அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். நான் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை; அவர் எதற்குக் கும்பிட்டார் என்று நானும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கொஞ்சம் பேரீச்சம்பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு, அவனைப் பார்க்கப் புறப்பட்டேன். வறண்ட ஓடையில் இறங்கி ஏறுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்ச் சரிவில் ஷெட்டு இருந்தது. கூரை உள்ளே விழுந்திருந்தது. வாசலில் கரையான் புற்று. அடுப்புக் கல்லில் சாம்பல்கூட இல்லை. பின்னால் மொட்டைப் பாறை ஒன்று சுவர் மாதிரி நின்றது.

"யாருங்க?" என்று கத்தினேன்.

பாறையும் அதையே கேட்டது, என் குரலிலேயே.

பழ முடிச்சோடு திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் தகரத்தைத் தொடவில்லை. சூரியன் மறைந்தது. பழத்தைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குடித்து நோன்பைத் திறந்தேன். அடுத்த வருஷத்து வேலை போனால் போகிறது, விடிந்ததும் இறங்கிவிடலாம் என்று துணிமணியை மூட்டை கட்டினேன்.

விடிந்து நான் மூட்டையைத் தூக்குவதற்குள் மாரிச்சாமி மூச்சிரைக்க ஏறி வந்தார். அது அவர் வருகிற நாள் இல்லை.

"உயிரோடதான் இருக்கீரா? நேத்து ஏன் வே தகரம் அடிக்கல?"

"எதுத்த சரிவுல ஆளே இல்லியே, அண்ணாச்சி."

"இன்னும் போடல. எவன் வாரான் இந்த வேலைக்கு?"

"பொறவு நான் அடிச்சு யாருக்குக் கேக்கப் போவுது?"

"கீழ மாந்தோப்புக் காவல் அசன் முகம்மதுக்கு. பெரியவருக்குக் கண்ணுல புரை. பொழுது விழுந்தது தெரியாது. ஊரு நகராவும் அங்க எட்டாது. உம்ம தகரத்தக் கேட்டுத்தான் அவிய நோன்பு தொறக்காக. நேத்து கும்மிருட்டு ஆன பொறவுதான் தண்ணி குடிச்சாகளாம். மேல இருந்த பிள்ளைக்கு என்னாச்சு பாருன்னு விடியுமுன்ன ஆளு விட்டு என்ன வெரட்டிட்டாக."

அவர் கண் மூட்டைமேல் விழுந்தது. "இது எதுக்கு?"

"துவைக்கணும்."

"ஓடையில தண்ணி எங்க வே கெடக்கு?" என்றார். மூச்சு அடங்குகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனார். மூட்டையை அவிழ்த்து, துணிகளைக் கொடியில் போட்டேன்.

அன்று பொழுது விழ வெகு நேரமான மாதிரி இருந்தது. இன்னொருவர் நோன்பும் என் கையில் இருந்ததால், விளிம்பு முழுக்க மறைகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்திருந்துவிட்டு மூன்று தரம் அடித்தேன். எதிர்ச் சரிவிலிருந்து மூன்று வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கீழே மாந்தோப்பு கறுப்பாய்க் கிடந்தது. ஆளும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. ஒரு கிழவர் தட்டித் தடவிக் குவளையை எடுத்து, தண்ணீர் மொண்டு குடிக்கிற அளவுக்குப் பொறுத்திருந்து, பழத்தை வாயில் வைத்தேன்.