ஒரு வீட்டுக்கு ஒரு கூடை மண்

பூவராகவன் வாயைத் திறந்தான். சத்தம் வருவதற்குள் மனைவி கங்கையம்மாளின் கை அவன் வாயை இறுக்கிப் பொத்தியது.

"அழாதீங்க. தெருவே கூடிடும்."

தறிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்த சம்பூர்ணத்துக்கு இனி எந்தச் சத்தமும் கேட்காது. மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, சற்று முன்னால், கிழக்கு வெளுக்கும்போது நின்றுவிட்டது. பூவராகவனுக்கு அக்கா. சின்ன வயதில் தாலி இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள்.

"உங்க அக்கா நேத்து இன்னா சொல்லிச்சு? ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. 'நான் பூட்டேன்னா களம் முடியற வரிக்கும் வாய மூடிக்கினு இருங்க. எவனாச்சும் அழுதான், எழுந்து வந்து ஒதைப்பேன்.'

செய்யக்கூடியவள்தான்.

அவன் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் காப்புக் கயிறு. திரௌபதியம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து. இன்று கடைசி நாள். வெயில் ஏறியதும் ஏரிக்கரையில் துரியோதனன் களம்; மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பீமன் அடித்து முடிக்கும் சடங்கு. களத்தில் காந்தாரியாக வந்து ஒப்பாரி வைக்க வேண்டியவன் பூவராகவன். அந்தப் பாட்டு வேறு யாருக்கும் பாடம் இல்லை.

காப்புக் கட்டிய ஊரில் பிணம் விழுந்தால் கோயில் நடை சாத்த வேண்டும். தீட்டுக்காரன் களத்தில் கால் வைத்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று பேச்சு. சட்டுப்புட்டென்று எடுத்துவிடலாம் என்றாலும், தாமல் கிராமத்திலிருந்து பங்காளிகள் வந்து சேரவே பொழுது சாய்ந்துவிடும்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், பீமன் வேஷம் யாருக்கு என்று தொடங்கிய தகராறில் நின்றுபோன கூத்து இது. ஐயம்பேட்டையில் இரண்டு தெருவுக்கும் அதற்கப்புறம் ஏழு வருஷம் யுத்தம்தான். தறிக்காரர்கள் காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கும் நேரம் பார்த்து, ஏர்க்காரத் தெரு வண்டிகள் நூலை அறுத்துக்கொண்டு போகும். பதிலுக்கு இவர்கள் சாயத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டுவார்கள். பயிர் சிவந்து நிற்கும்.

சம்பூர்ணம்தான் இரண்டு தெருவிலும் வாசல் வாசலாகப் போய் நின்றாள். "துரியோதனனுக்கு வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு போடுங்க. வேஷத்துக்கு ஆள் இருந்தா அனுப்புங்க. இல்லாட்டி வந்து வேடிக்கையாச்சும் பாருங்க, சண்டை போட்டு போரடிக்கலியா உங்களுக்கு?" என்றாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கற்பூரம் அடித்து ஒரு சத்தியம்: எந்தத் தெருவால் கூத்து நின்றாலும், அதோடு உறவு முடிந்தது.

இந்தப் பதினெட்டு நாளும் வண்டிகள் தெரு முனையில் மாட்டை அவிழ்த்துப் போட்டு, பாவு சுருட்டும் வரை காத்திருந்தன.

வெளியே கொலுசுச் சத்தம்.

"சம்பூர்ணம்! ஏ சம்பூர்ணம்! மண்ணுக்கு மஞ்சத் தண்ணி தெளிக்க வர்ல?"

காமாட்சியம்மாள். ஏர்க்காரத் தெரு ஆதிகேசவனின் பெண்சாதி. ஆதிகேசவன்தான் இந்த வருஷம் பீமன்.

கங்கையம்மாள் ஓடிப்போய் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். பூவராகவன் அவசரமாகப் போர்வையை அக்காவின் முகம் வரை இழுத்தான். முகத்தை மூடினால் சந்தேகம் வரும். மறுபடி கழுத்து வரை இறக்கினான்.

"ராவெல்லாம் ஜுரம்மா. இப்பத்தான் கண்ண மூடிச்சு."

"நான் ஒரு பார்வை பாத்துட்டு போறேனே."

"எழுப்பினா கத்தும். அதும் வாய் உங்களுக்குத் தெரியாதா?"

காமாட்சியம்மாள் சிரித்தாள். சிரித்தபடியே கங்கையம்மாளின் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை பாயில் விழவில்லை, அடுப்பில் நின்றது. சாம்பல் அள்ளவில்லை. தீ இல்லை.

"இன்னாமா, இன்னும் அடுப்பு பத்த வெக்கல?"

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அழக் கூடாது என்று புருஷன் வாயைப் பொத்தியவளுக்கு, கை தானாக அடுப்பை விலகிப் போனது இப்போதுதான் தெரிந்தது.

"அவரு... காப்பு கட்டிக்கினு விரதம்மா."

"ஜுரக்காரிக்குக் கஞ்சி வேணாமா?"

உள்ளே பூவராகவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

காமாட்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி. நேரமாவுது," என்றாள். கொலுசுச் சத்தம் போயிற்று, வந்ததைவிட வேகமாக.

"தெரிஞ்சிப்போச்சு," என்றான் பூவராகவன்.

"தெரிஞ்சா கத்தியிருக்கும். போங்க. நீங்க போலனாதான் தெரியும்."

போனான். முகத்தில் அரிதாரம் பூசும்போது கூத்து வாத்தியார், "இன்னாபா, உடம்பு இப்படி சில்லுன்னு இருக்குது?" என்றார். புடவை கட்டி, கொண்டை வைத்து, கையில் காந்தாரி பிடிக்கும் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

ஏரிக்கரையில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். நாற்பது அடி நீளம், வண்டி உயர மார்பு. ஒரு பக்கம் ஏர்க்காரத் தெரு ஏரி வண்டல், ஒரு பக்கம் தறிக்காரத் தெருச் செம்மண், திட்டுத் திட்டாக.

பீமன் கதாயுதத்தால் தொடையில் அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஆதிகேசவன் மூச்சு வாங்க விலகி வந்தபோது, பூவராகவனின் தோளோடு உரசி ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்லப் போனவன், சொல்லாமல் கதாயுதத்தைத் தோள் மாற்றிப் பிடித்துக்கொண்டு போனான்.

காமாட்சியம்மாள் இவனிடம் சொல்லிவிட்டாளா? இப்போது நிறுத்துவார்களா? நடுக்களத்திலா?

மத்தளம் அழைத்தது. அவன் களத்தில் கால் வைத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு அடி. வாயில் உப்புக் கரித்தது; ரத்தமோ என்று புறங்கையால் துடைத்துப் பார்த்தான். வியர்வை.

மண் துரியோதனனின் தலைமாட்டில் உட்கார்ந்தான். பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அடி, 'தூக்கிப் போட ஆளில்லாமத் தூங்குறியே என் கண்ணே.'

'தூக்கிப் போட' என்றதோடு பாட்டு நின்றது.

மத்தளக்காரன் அதே இடத்தைத் திரும்ப வாசித்தான். மறுபடியும் வாசித்தான். முன்வரிசை முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாரோ ஒருவன், "தறிக்காரனுக்குப் பாட்டு மறந்துபோச்சுடோய்!" என்றான்.

"தூ, வாய மூடு!"

காமாட்சியம்மாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, மண்ணின் காலடியில் தொப்பென்று உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "தூக்கிப் போட ஆளிருக்குதே என் கண்ணே!" என்று எடுத்தாள். பாட்டில் இல்லாத வரி. ஏர்க்காரத் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே தறிக்காரத் தெருப் பெண்கள், தோளில் கை போட்டு, வட்டமாக. மண் நனையுமளவு அழுதார்கள்.

பூவராகவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதான். வேஷக்காரன் நன்றாக அழுகிறான் என்று பின்வரிசையில் யாரோ காசு வீசினார்கள்.

ஏரித் தண்ணீரில் எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். கயிறு மணிக்கட்டை விட்டதுதான் தாமதம். கொண்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினான்.

தெருவில் ஒருவரும் இல்லை. அவன் வீட்டுச் சுவரில் இரண்டு பச்சை மூங்கில் சாத்தியிருந்தது. கணு செதுக்கி, ஆள் நீளத்துக்கு நறுக்கிய மூங்கில். ஏர்க்காரத் தெருவில்தான் மூங்கில் கொல்லை உண்டு. வெட்டிய முனையை விரலால் தடவினான். ஈரம் இல்லை. காலையிலேயே வெட்டியது.

பின்னால் ஆள் வரும் சத்தம். ஆதிகேசவன், பீமன் மீசையும் சிவப்பு முகமுமாக, கக்கத்தில் ஒரு கட்டு வைக்கோலோடு வந்தான். வாசலில் குந்தி உட்கார்ந்து, பாடை கட்ட வைக்கோல் பிரி திரிக்க ஆரம்பித்தான்.

ஒரு முழம் ஆனதும் முனையை நீட்டினான்.

"புடி."

பூவராகவன் எதிரே குந்திப் பிடித்துக்கொண்டான். ஆதிகேசவன் திரித்துக்கொண்டே பின்னால் நகர, நகர, பிரி நீண்டுகொண்டே போயிற்று.