இரவல் இஞ்சி

கீமோ தொடங்கியதிலிருந்து எண்ணெய் வாடை பட்டாலே லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வரும். "உனக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம்" என்று அவர் வாய் கிழியச் சொல்லிவிட்டார். சொன்ன வாய் நாலு நாள் தாங்கவில்லை. வேலை முடிந்ததும் எதிர்க் கடையில் பொரித்த மீனை ஒரு பிடி பிடிப்பார். குமட்டல் அடங்க அவள் டப்பாவில் நறுக்கி வைத்திருக்கும் இஞ்சியில் காலையிலேயே இரண்டு துண்டைச் சுருட்டிக்கொண்டு போய், வாடை போக அதை மென்றபடி வீடு திரும்புவார்.

அன்று காலை டப்பா காலி. அதற்காக மீனை விட்டாரா என்றால், இல்லை. இஞ்சி வாங்கத்தான் மறந்துபோனார். வாயைத் திறக்காமல் சமாளித்துவிடலாம் என்று உள்ளே வந்தார்.

மனைவி வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு இஞ்சித் துண்டை எடுத்து நீட்டினாள்.

"தினம் இஞ்சி மென்னுகிட்டே வர்றீங்க. என்னைப் பாத்துப் பாத்து உங்களுக்கும் குமட்டுது, சொல்லத்தான் மாட்டேங்கிறீங்க. கடைசித் துண்டு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

"நீயே போட்டுக்கம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாளியின் மேல் குனிந்துவிட்டாள்.